ஆடுகிற இழுவை வளையம்: போல்ட்டை மாற்றினால் போதுமா?

மார்ச் 2, வாசகர் கேள்வி

17 அடி ஃபைபர் படகு, அவுட்போர்டு எஞ்சின். பின்சுவரில் நீர்ச்சறுக்குக் கயிறு மாட்டுகிற வளையத்தைப் பிடித்து அசைத்தால் ஆடுகிறது. உள்ளே நட்டை இறுக்கினேன், இரண்டு வாரத்தில் மறுபடியும் தளர்ந்துவிட்டது. 10 மி.மீ. போல்ட்டைக் கழற்றிவிட்டு 12 மி.மீ. போட்டு, சுற்றிலும் சீலன்ட் அடித்தால் வேலை முடிந்துவிடும் என்று நினைக்கிறேன். சரிதானே?

மார்ச் 2, இரவு

சரியில்லை. இறுக்கிய நட்டு இரண்டு வாரத்தில் தளர்ந்தது என்றால் பெரும்பாலும் நட்டு சுழன்று தளரவில்லை, நட்டு அழுத்திக்கொண்டிருக்கும் சுவர் உள்வாங்குகிறது. பெரும்பாலான ஃபைபர் படகுகளில் பின்சுவர் என்பது இரண்டு ஃபைபர் தோல்களுக்கு நடுவே வைத்த பிளைவுட். போல்ட் துளை வழியாகத் தண்ணீர் போய் அந்த மரம் ஊறியிருக்கும். ஊறிய மரத்தை எவ்வளவு இறுக்கினாலும் அது நசுங்கிக்கொண்டேதான் போகும்.

12 மி.மீ. போட நினைப்பதன் காரணம் புரிகிறது. ஆனால் உங்கள் 10 மி.மீ. போல்ட் நல்ல ஸ்டெயின்லெஸ், தலையில் ஏ4-70 என்று குத்தியது என்றால், அது அறுவதற்கு 4 டன்னுக்குமேல் நேர் இழுப்பு வேண்டும். நீங்கள் கயிற்றில் கட்டி இழுக்கிற, ஆள் உட்காரும் காற்று டியூப் அவ்வளவு இழுக்காது. போல்ட்டில் குறை இல்லை. பெரிய போல்ட்டுக்காகத் துளையைப் பெரிதாக்கினால் ஊறிய மரத்தில் இன்னும் 2 மி.மீ. வெட்டி எடுப்பீர்கள், அவ்வளவுதான்.

நாளை செய்யவேண்டியது: வளையத்தை முழுசாகக் கழற்றுங்கள். துளைக்குள் விரலை விட்டுத் தடவுங்கள். என்ன நிறம், என்ன வாசனை என்று இங்கே எழுதுங்கள்.

மார்ச் 3

ஏன் இவ்வளவு அவசரமாக எழுதினேன் என்று சொல்லிவிடுகிறேன். போன வருடம் என் படகில் இதே வளையம்தான். அக்கா மகனும் அவன் தோழனும் டியூப்பில். திரும்பும்போது கயிறு தொய்ந்து, மறுபடி விறைத்த நொடியில் பின்னால் 'டக்' என்று ஒரு சத்தம். எஞ்சினை நிறுத்திப் பார்த்தால் வளையம் ஒரு விரல் அகலம் வெளியே வந்து நின்றது. உள்ளே இருந்த வாஷர் கிண்ணம் மாதிரி வளைந்து மரத்துக்குள் புதைந்திருந்தது. இன்னொரு இழுப்பு விழுந்திருந்தால் வளையம், போல்ட், நட்டு எல்லாம் கயிற்றோடு பையன்கள் பக்கம் பறந்திருக்கும். அன்று ராத்திரி நான் தூங்கவில்லை.

அதற்கு முந்தைய சீசனிலேயே அந்த வளையத்தைச் சுற்றித் துருக்கறை வடிந்திருந்தது. துடைத்துவிட்டு விட்டுவிட்டேன். அந்தக் கறை என்ன சொன்னது என்பது பிறகுதான் விளங்கியது.

மார்ச் 5

விசை எவ்வளவு வரும் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். தோராயக் கணக்கு: டியூப்பும் இரண்டு பேரும் சேர்த்து 150 கிலோ. கயிறு தொய்ந்திருக்கும்போது படகுக்கும் டியூப்புக்கும் மணிக்கு 18 கி.மீ. வேக வித்தியாசம், அதாவது வினாடிக்கு 5 மீட்டர். அந்த இயக்க ஆற்றல் 1,875 ஜூல். கயிறு 1 மீட்டர் நீண்டு அதை வாங்கிக்கொண்டால் 1,875 நியூட்டன், ஏறக்குறைய 190 கிலோ இழுப்பு.

மார்ச் 5, சற்று நேரம் கழித்து

மேலே எழுதியது தப்பு. 190 கிலோ என்பது சராசரி. கயிறு ஸ்பிரிங் மாதிரி, நீள நீள விசை ஏறும். உச்சம் சராசரியைப்போல் இரண்டு மடங்கு, அதாவது 380 கிலோ. அதைவிட முக்கியமானது இது: அதிகம் நீளாத கயிறு 30 செ.மீ. மட்டுமே நீண்டு அதே ஆற்றலை வாங்கினால் உச்சம் 1,275 கிலோ. அதே பையன்கள், அதே வேகம், கயிறு மட்டும் வேறு. தண்ணீரின் இழுவையை நான் சேர்க்கவே இல்லை, டியூப்பின் மூக்கு தண்ணீருக்குள் குத்தினால் என்ன ஆகும் என்பதையும் சேர்க்கவில்லை.

இப்போது அந்த 1,275 கிலோவை 30 மி.மீ. வாஷரின் மேல் வையுங்கள். நடுத்துளையைக் கழித்தால் வாஷரின் பரப்பு 6 சதுர செ.மீ. சொச்சம். சதுர செ.மீ.க்கு 200 கிலோ. உள்பக்க ஃபைபர் தோல் கொஞ்சம் பரப்பிக் கொடுக்கும், ஆனால் அது மெல்லியது. காய்ந்த மரமே அதைத் தாங்காது, ஊறிய மரத்தைச் சொல்லவே வேண்டாம். அதே விசையை 15 × 10 செ.மீ. தகட்டில் பரப்பினால் சதுர செ.மீ.க்கு 8.5 கிலோ. நட்டுக்கு அடியில் சுவரின் உள்பக்கம் வைக்கிற முட்டுத் தகடு எதற்கு என்பதற்கு எனக்கு இந்த இரண்டு எண்கள் போதும்.

மார்ச் 8, கேள்வி கேட்டவர்

கழற்றினேன். துளைக்குள் கறுப்பாக, ஈரமாக இருக்கிறது. அழுகிய இலை வாசனை. போல்ட்டில் நடுப்பகுதியில் மட்டும் குழி குழியாக அரித்திருக்கிறது, இரண்டு முனையும் பளபளவென்று இருக்கின்றன. இது எப்படி?

மார்ச் 8

அந்தப் போல்ட்டைத் தூக்கிப் போடாதீர்கள், படகு வைத்திருக்கிற நாலு பேருக்குக் காட்டுங்கள். ஸ்டெயின்லெஸ் துருப்பிடிக்காமல் இருப்பது அதன் மேலுள்ள மிக மெல்லிய குரோமியம் ஆக்சைடு படலத்தால். அந்தப் படலம் கீறினாலும் காற்றிலுள்ள ஆக்சிஜன் பட்டால் தானாக ஆறிவிடும். ஊறிய மரத்துக்குள் ஈரம் உண்டு, ஆக்சிஜன் இல்லை. ஆகவே நடுவில் மட்டும் அரிக்கும். வெளியே தெரிகிற தலையும் நட்டும் புத்தம் புதிதாகவே இருக்கும். என் வளையம் பிடுங்கியதற்கு முந்தைய சீசனில் என் கண்ணில் பட்ட துருக்கறை இங்கிருந்து வடிந்ததுதான்.

316 ரக ஸ்டெயின்லெஸ் வாங்குங்கள். அதில் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் இருப்பதால் உப்புத் தண்ணீரில் சாதாரண 304 ரகத்தைவிடத் தாக்குப்பிடிக்கும். ஆனால் ஈர மரத்துக்குள் 316உம் அரிக்கும். ரகத்தை உயர்த்துவதைவிட அந்த இடத்தை உலர வைப்பதுதான் முக்கியம்.

அடுத்த வேலை, ஈரம் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று பார்ப்பது. சுத்தியலின் கைப்பிடியால் பின்சுவர் முழுக்கத் தட்டுங்கள். நல்ல இடம் கணீரென்று கேட்கும், அழுகிய இடம் பொத்தென்று கேட்கும். சந்தேகப்படும் இடத்தில் உள்பக்கத்திலிருந்து மட்டும் 4 மி.மீ. துளை போட்டு, சுற்றி வரும் மரத்தூளைப் பாருங்கள். வெளிர் நிறமாக உலர்ந்து வந்தால் நல்லது. கறுப்பாக, பிசுபிசுவென்று வந்தால் இன்னும் 10 செ.மீ. தள்ளி அடுத்த துளை. வெளித்தோலில் துளை போடாதீர்கள்.

மார்ச் 9

நேற்று எழுத மறந்தது, இதைத்தான் முதலில் எழுதியிருக்கவேண்டும். அதே பின்சுவர்தான் உங்கள் எஞ்சினையும் தாங்குகிறது. வளையத்தைச் சுற்றி அழுகல் என்றால் எஞ்சின் போல்ட்டுகளைச் சுற்றியும் பாருங்கள். படகு டிரெய்லரில் இருக்கும்போது எஞ்சினைக் கொஞ்சம் மேலே சாய்த்து, அதன் அடிப்பகுதியில் கையை ஊன்றி அழுத்துங்கள். இன்னொருவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கட்டும். சுவர் வளைந்து கொடுத்தாலோ, மேல் விளிம்பில் விரிசல் திறந்து மூடினாலோ, வளையத்தை மறந்துவிடுங்கள். படகைத் தண்ணீரில் இறக்காதீர்கள்.

மார்ச் 15

கேள்வி கேட்டவர் தனிச்செய்தியில் சொன்னது: ஈரம் வளையத்தைச் சுற்றி ஒரு கையகலம்தான், எஞ்சின் பக்கம் உலர்ந்திருக்கிறது. நிம்மதி. என்னுடையது அப்படி இல்லை. நானும் கையகலம்தான் என்று நினைத்து வெட்ட ஆரம்பித்து, கடைசியில் 60 × 40 செ.மீ. உள்தோலைத் திறந்தேன்.

அவருக்கு எழுதிய முறை, சின்ன அழுகலுக்கு மட்டும்:

துளையை உள்பக்கத்திலிருந்து அகலமாக்கி, உள்தோலையும் அழுகிய மரத்தையும் நல்ல மரம் வரும்வரை சுரண்டி எடுக்கவேண்டும். வெளித்தோலை அப்படியே விட்டுவிடவேண்டும். பிறகு உலர்த்தவேண்டும். இதில் எல்லாரும் அவசரப்படுவார்கள். என் படகுக்கு விளக்குச் சூடும் மின்விசிறியும் வைத்து மூன்று வாரம் ஆனது. ஈரத்தின் மேல் எபாக்சி (இரண்டு பாகம் கலந்தால் இறுகுகிற பிசின்) ஊற்றினால் ஈரத்தை உள்ளே வைத்துத் தைத்ததாக ஆகும்.

உலர்ந்ததும் வெளித்துளையை டேப் போட்டு அடைத்து, முதலில் வெறும் எபாக்சியை மரத்தில் தடவுங்கள். மரம் குடிக்கும், மறுபடி தடவுங்கள். அது ஒட்டும் பதத்துக்கு வந்ததும் சிலிக்கா பொடியும் நறுக்கிய கண்ணாடி இழையும் கலந்து வெண்ணெய்ப் பதத்தில் குழைத்த எபாக்சியால் நிரப்புங்கள். நிமிர்ந்த சுவர் என்பதால் கரண்டியைக் கவிழ்த்தாலும் விழாத கெட்டி வேண்டும். முழுசும் இறுகிய பிறகு, அந்த எபாக்சிக் கட்டியின் நடுவில் போல்ட்டுக்கான துளை. இனி போல்ட் மரத்தைத் தொடாது. நாளைக்கு சீலன்ட் விட்டுப்போனாலும் தண்ணீருக்கு மரம் அகப்படாது.

மார்ச் 16

ஒரு எச்சரிக்கை விட்டுப்போனது. எபாக்சி இறுகும்போது சூடாகும், கனமாக ஊற்றினால் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் புகைந்து வெடிப்பு விடும். ஒரு கோப்பையில் மீதம் வைத்திருந்தது உருகி வளைந்ததைப் பார்த்திருக்கிறேன். இரண்டு மூன்று தடவையாக நிரப்புங்கள். இடையில் முழுசும் இறுகிவிட்டால் மேலே மெழுகு போல ஒரு படலம் நிற்கும். அதை முதலில் தண்ணீரும் நாரும் வைத்துக் கழுவிவிட்டுத்தான் உப்புத்தாள் போடவேண்டும். நேராக உப்புத்தாள் போட்டால் அந்தப் படலம் உள்ளே தேய்ந்துவிடும், அடுத்த பூச்சு பிடிக்காது.

கையுறை இல்லாமல் எபாக்சி தொடாதீர்கள். முதல் பத்துத் தடவை ஒன்றும் செய்யாமல் போகலாம். ஒரு நாள் தோல் ஒவ்வாமை வந்தால் பிறகு வாசனைகூட ஆகாது.

மார்ச் 21

இன்னொரு வாசகர் கேட்கிறார்: மரத்தில் ஊறி இறங்கி அழுகலைக் கெட்டியாக்கும் நீர்த்த எபாக்சி என்று விற்கிறார்களே, ஏன் வெட்டவேண்டும்?

ஜன்னல் சட்டத்துக்குப் போடுங்கள். கயிறு இழுக்கும் இடத்துக்கு வேண்டாம். அழுகிய மரத்தின் நார் போய்விட்டது. பிசினை ஊற்றினால் கிடைப்பது கெட்டியான ஒரு கட்டி, பலமான மரம் இல்லை. அதுவும் ஊறியிருக்கும் இடத்தில் தண்ணீர் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது, பிசின் எங்கே போகும்? நான் முதலில் இதைத்தான் முயன்றேன். ஆறு துளை போட்டு ஊற்றினேன். பிறகு திறந்தபோது துளையைச் சுற்றி அரை அங்குலம் கண்ணாடி மாதிரி இருந்தது, அதற்கு அப்பால் விரலால் கிள்ளி எடுக்கிற மரம்.

ஏப்ரல் 4

பெரிய வெட்டு எப்படி முடிந்தது என்று கேட்டவர்களுக்கு. பழைய மரத்தை உளியால் எடுத்துவிட்டு பி.எஸ். 1088 என்ற பிரிட்டிஷ் தர மரைன் பிளைவுட் 18 மி.மீ. பலகை இரண்டு. வைப்பதற்கு முன் எல்லா விளிம்பிலும் எபாக்சி. குழைத்த எபாக்சியைப் பல் கரண்டியால் வெளித்தோல் மேல் பரப்பி, பலகையை வைத்து, வளையத் துளைகள் வழியாகவே நீளப் போல்ட் போட்டு இறுக்கினேன். சுற்றிலும் பிதுங்கி வரவேண்டும். பிதுங்காத இடத்தில் உள்ளே காற்று இருக்கிறது என்று பொருள்.

உள்தோலை மறுபடி கட்டும்போது பழைய தோலின் விளிம்பைச் சாய்வாகத் தேய்க்கவேண்டும். 1க்கு 12 என்ற சாய்வு. என் தோல் 4 மி.மீ., ஆகவே 48 மி.மீ. அகலச் சாய்வு. அதன்மேல் 45 டிகிரியில் தைத்த இழையும் பாயும் சேர்ந்த 1708 துணி மூன்று அடுக்கு, ஒவ்வொன்றும் முந்தையதைவிடப் பெரியதாக. கிரைண்டர் வைத்த அந்த இரண்டு நாளும் முழு முகமூடி, முழுக்கை. கண்ணாடித் தூள் கழுத்தில் பட்டாலே ராத்திரி முழுக்க அரிக்கும், நுரையீரலுக்குள் போகவிடாதீர்கள்.

வெளியே எபாக்சி மேல் ஜெல்கோட் (ஃபைபர் படகின் பளபளப்பான வெளிப்பூச்சு) போடவேண்டாம் என்பது என் கருத்து. சிலர் போட்டு நன்றாக வந்தது என்கிறார்கள். எனக்கு ஒரு ஓரம் பிசுபிசுப்பாகவே நின்றது, சுரண்டிவிட்டுப் பெயின்ட் அடித்தேன்.

ஏப்ரல் 11

முட்டுத் தகடு பற்றி. மார்ச் மாதம் ஒருவரிடம் அலுமினியம் போதும் என்று சொல்லியிருந்தேன். அதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். என் படகில் கேபிள் பிடிக்கும் ஓர் அலுமினியத் தகட்டை இந்த வாரம் கழற்றினேன். ஸ்டெயின்லெஸ் நட்டு உட்கார்ந்த இடத்தில் வெள்ளைப் பொடி, அதன் கீழே பள்ளம். ஈரத்தில் இந்த இரண்டு உலோகமும் தொட்டால் அலுமினியம் கரைகிறது. கப்பலின் அடியில் தேங்கும் தண்ணீருக்கு ஒரு சாண் மேலே இருக்கிற தகடு எப்போதும் ஈரம்தான்.

6 மி.மீ. 316 தகடு, அல்லது ஜி10 என்கிற அழுத்திய கண்ணாடி இழைப் பலகை. நான் 10 மி.மீ. ஜி10 போட்டேன். துருவும் இல்லை, எபாக்சியோடு ஒட்டும், ஆகவே தகடும் சுவரும் ஒரே துண்டாகிவிடும். அதன்மேல் நட்டுக்குக் கீழே பெரிய ஸ்டெயின்லெஸ் வாஷர். மெல்லிய 2 மி.மீ. தகடு வீண், விளிம்பு வளைந்துவிடும், பரப்பு இருந்தும் பயன் இல்லை. தகட்டின் மூலைகளை வட்டமாக்குங்கள். கூர் மூலை தோலைக் கிழிக்கும்.

பின்சுவர் தட்டையாக இல்லாவிட்டால் தகட்டை அப்படியே இறுக்காதீர்கள். குழைத்த எபாக்சி மெத்தை ஒன்று வைத்து, கையால் மட்டும் இறுக்கி, இறுகிய பிறகு முழு இறுக்கம் கொடுங்கள்.

ஏப்ரல் 12

"கப்பலின் அடியில்" என்று நேற்று எழுதிவிட்டேன், படகு. 17 அடிதான்.

ஏப்ரல் 19

சீலன்ட். நிரந்தரமாக ஒட்டுகிற பாலியூரித்தேனை இங்கே போடவேண்டாம். அடுத்த முறை கழற்றும்போது வளையத்தோடு ஜெல்கோட்டும் வந்துவிடும். எனக்கு ஒரு முறை வந்தது, உள்ளங்கை அளவு. பிடித்து வைப்பது போல்ட்டின் வேலை. சீலன்ட் தண்ணீரை மட்டும் நிறுத்தினால் போதும். கழற்ற வருகிற பாலியூரித்தேன் அல்லது பாலிசல்ஃபைடு. தண்ணீர் மட்டத்துக்குக் கீழே சிலிக்கோன் வேண்டாம்.

போடுமுன் வெளித்துளையின் விளிம்பை லேசாகக் குழித்துவிடுங்கள். அந்தக் குழியில் சீலன்ட் ஒரு வளையமாக நின்று ரப்பர் வாஷர் மாதிரி வேலை செய்யும், ஜெல்கோட்டும் கீறல் விடாது. இறுக்கும்போது வெளியே வளையத்தை ஒருவர் அசையாமல் பிடிக்கவேண்டும், உள்ளே நட்டை மட்டும் திருப்பவேண்டும். போல்ட் சுழன்றால் சீலன்ட் அறுந்துவிடும். புரியில் சிக்காமலிருக்கக் கொஞ்சம் கிரீஸ். ஸ்டெயின்லெஸ் மேல் ஸ்டெயின்லெஸ் வேகமாக முடுக்கினால் நட்டு பாதியில் பற்றிக்கொள்ளும், பிறகு வெட்டித்தான் எடுக்கவேண்டும்.

மே 3

ஒற்றைப் போல்ட் வளையமா, யூ போல்ட்டா? யூ போல்ட். டியூப் நேர்பின்னால் மட்டும் இருப்பதில்லை, திருப்பத்தில் பக்கவாட்டில் போகும். பாரம் தூக்கும் தோள் வைத்த வளையப் போல்ட்டுகளுக்கே நேர் இழுப்பில் உள்ள பலம் 45 டிகிரியில் 30 சதவீதமாகவும், 90 டிகிரியில் 25 சதவீதமாகவும் குறைத்துக் கணக்கிடுகிறார்கள். யூ போல்ட்டுக்கு இரண்டு கால், அது சுழலாது.

பின்சுவரின் இரண்டு ஓர வளையங்களுக்கும் வி வடிவக் கயிறு போட்டு, நடுவில் மிதவையோடு இழுப்பவர்கள் கோணத்தைப் பாருங்கள். இரண்டு காலுக்கும் இடையே 60 டிகிரி என்றால் ஒவ்வொரு வளையத்துக்கும் இழுப்பில் 58 சதவீதம். 120 டிகிரி என்றால் ஒவ்வொன்றுக்கும் முழு இழுப்பு. குட்டைக் கயிறு போட்டுவிட்டு "பாரத்தைப் பாதியாக்கிவிட்டேன்" என்று இருக்காதீர்கள். நீளமாகப் போடுங்கள், ஆனால் புரொப்பெல்லரை எட்டாத நீளம்.

படகின் மேல் நிற்கிற, நீர்ச்சறுக்குக்கான உயரக் கோபுரத்தில் டியூப் கட்டாதீர்கள். குத்துகிற டியூப்பின் இழுப்பு அந்த உயரத்தில் நெம்புகோலாகிவிடும்.

மே 10

கயிறு பற்றி எழுதும்போது நீளுகிற கயிறுதான் நல்லது என்று மார்ச் கணக்கு சொன்னதாக ஒருவர் எடுத்துக்கொண்டு, நைலான் நங்கூரக் கயிற்றில் டியூப் இழுக்கலாமா என்று கேட்கிறார். வேண்டவே வேண்டாம், இதை அன்றே எழுதியிருக்கவேண்டும். நைலான் அவ்வளவு நீளும், நீண்டதையெல்லாம் சேர்த்து வைத்திருக்கும். பல வருடம் முன்பு மணல்திட்டில் ஏறிய ஒரு படகை நைலான் கயிற்றால் இழுத்தோம். அந்தப் படகின் மேல்தட்டில் கிளீட் (கயிறு கட்டுகிற கொம்பு) வெறும் மரத்திருகில் நின்றிருக்கிறது. பிடுங்கிக்கொண்டு திரும்பி வந்து எங்கள் இருக்கையின் முதுகில் மோதியது. உட்கார்ந்திருந்தவர் தண்ணீர் எடுக்க அப்போதுதான் எழுந்திருந்தார்.

டியூப்புக்கென்றே விற்கிற மிதக்கும் கயிறு வாங்குங்கள். ஒருவருக்கு 1,500 பவுண்டு, இருவருக்கு 2,375, நால்வருக்கு 4,100 என்று அறுபடு பலம் சீட்டில் இருக்கும். நீளம் 50 முதல் 65 அடி. நீர்ச்சறுக்குக் கயிறு மெலிது, அதில் டியூப் கட்டக்கூடாது.

மணல்திட்டில் ஏறிய படகை இழுக்கவேண்டி வந்தால், அணியத்தில், அதாவது படகின் முன்முனையில், தாழ்வாக இருக்கிற யூ போல்ட்டில் கட்டுங்கள், மேல்தட்டுக் கிளீட்டில் வேண்டாம். ஆனால் அந்த யூ போல்ட்டின் பின்பக்கத்தையும் யாரும் பார்ப்பதில்லை. டிரெய்லர் வின்ச் ஒவ்வொரு முறையும் அதைத்தான் இழுக்கிறது. நங்கூரப் பெட்டிக்குள் தலையை விட்டு, டார்ச் அடித்து நட்டைப் பாருங்கள்.

ஜூன் 6, கேள்வி கேட்டவர்

முடித்தேன். எபாக்சி, ஜி10 தகடு, யூ போல்ட். ஆடவில்லை. எவ்வளவு நாளைக்கு ஒரு முறை பார்க்கவேண்டும்?

ஜூன் 6

முதல் மூன்று தடவை, ஒவ்வொரு முறை ஓட்டிய பிறகும். நட்டின் மேலிருந்து தகடு வரை பெயின்ட் பேனாவால் ஒரே நேர்கோடு போட்டுவிடுங்கள். நட்டு நகர்ந்தால் கோடு உடையும், ஸ்பேனர் வேண்டாம், டார்ச் போதும். கோடு உடையாமல் ஆட்டம் வந்தால் சுவர் உள்வாங்குகிறது, அப்போது இறுக்காதீர்கள், திறந்து பாருங்கள். முதல் இழுப்புக்கு ஆளில்லாத டியூப்பை வைத்து மெதுவாக இழுத்துப் பாருங்கள். கயிற்றின் நேர்கோட்டில் யாரையும் உட்கார வைக்காதீர்கள்.

செப்டம்பர் 14

சீசன் முடிந்து படகை ஏற்றிவிட்டேன். அக்கா மகன் இந்த வருடமும் வந்தான், பத்துப் பன்னிரண்டு தடவை இழுத்திருப்பேன். இன்று உள்ளே கையை விட்டுத் தகட்டைச் சுற்றித் தடவினேன். தூசிதான் ஒட்டியது, ஈரம் இல்லை. இரண்டு நட்டிலும் கோடு அப்படியே இருக்கிறது. அணியத்து யூ போல்ட்டில் மட்டும் மெல்லிய பழுப்புக் கறை ஒன்று தெரிகிறது. அடுத்த வாரம் கழற்றுகிறேன்.